வீட்டுக்காகப் பட்டணத்தை விடலாமா?

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது பழமொழி. ஊரில் நொடித்துப்போனவருக்கும் பட்டணத்தில் ஒரு பிழைப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. பிழைப்பு கிடைத்தவருக்கு வீடு கிடைக்குமா என்று அது சொல்லவில்லை. ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்ற இன்னொரு பழமொழிதான் அதைப் பற்றிப் பேசுகிறது. சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் மாதச் சம்பளக் குடும்பங்கள் பல இந்த இரண்டு பழமொழிகளுக்கும் இடையில் நிற்கின்றன. வேலை சென்னையில் இருக்கிறது. கைக்கு எட்டும் விலையில் வீடு விழுப்புரத்திலோ திருச்சியிலோ தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. வீட்டுக்காகப் பட்டணத்தை விடலாமா?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. பொருளியலாளர், நகரத் திட்டமிடுவோர், அரசு, மனை வணிகர், சமூக ஆய்வாளர் எனத் தரப்புக்கு ஒரு விடை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் சென்னையையும் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களையும் முன்வைத்துத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை: வேலை இருக்கும் இடமே வீடு

இடப்பெயர்வு பற்றிய முறையான ஆய்வு 1885இல் ராவன்ஸ்டைன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். மக்கள் பெரும்பாலும் குறைந்த தூரமே நகர்கிறார்கள், பிழைப்பே முதன்மைக் காரணம் என்று அவர் கண்டார். அதோடு, ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வுக்கும் ஓர் எதிர்ப்பெயர்வு உண்டு என்றும் குறிப்பிட்டார். நகரத்தை விட்டுத் திரும்பும் ஓட்டம் அன்றே கவனிக்கப்பட்டிருக்கிறது.

ஒரே தொழிலைச் சார்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடும்போது திறனும் வாய்ப்பும் பெருகுகின்றன என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் விளக்கினார். ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை கிடைக்கும் என்பதே பெருநகரத்தின் உண்மையான செல்வம். 1964இல் வில்லியம் அலோன்சோ இதை நிலவிலையோடு இணைத்தார். மையத்துக்கு அருகில் நிலம் விலை கூடும், தூரம் போகப்போக விலை குறையும், பயணச் செலவு கூடும். குடும்பம் இரண்டையும் எடைபோட்டு ஓர் இடத்தில் அமர்கிறது என்பது அவருடைய மாதிரி. 1970இல் ஹாரிஸ், டொடாரோ இருவரும், கையில் இருக்கும் கூலியைவிடக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் கூலியே மக்களை நகரத்துக்கு இழுக்கிறது என்றார்கள்.

இந்த மரபு சொல்வதன் சாரம் இது: சென்னையில் ஒரு சதுர அடிக்குக் கொடுக்கும் விலையில் செங்கல், சிமெண்டின் விலை சிறு பங்குதான். மீதி, அந்த இடத்திலிருந்து எட்டக்கூடிய வேலைகளின் விலை. ஆகவே விலை மலிந்த ஊருக்குப் போகிறவர் மலிவாக வாங்கவில்லை, குறைவாக வாங்குகிறார்.

பலவீனம் எங்கே? இந்த மாதிரிகளில் நகரத்துக்கு ஒரே மையம். குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே சம்பாதிப்பவர். இன்றைய சென்னையில் பாரிமுனையும் மையம், கிண்டியும் மையம், பழைய மகாபலிபுரம் சாலையும் மையம். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் மனைவி சிறுசேரிக்கும் போகும் குடும்பத்துக்கு எந்த இடமும் அருகில் இல்லை. மேலும், விலை உயர்வு முழுவதும் வேலைவாய்ப்பால் வந்ததென்று கொள்வதற்கில்லை. நிலத்தைச் சேமிப்பாக வாங்கிப் பூட்டி வைப்பதும் விலையைத் தூக்குகிறது. 2011 கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. அதற்கு அடுத்த ஆண்டு மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான பற்றாக்குறை. காலி வீடும் வீடற்ற குடும்பமும் ஒரே நகரத்தில் இருப்பதை வேலையின் விலை என்ற ஒன்றை மட்டும் வைத்து விளக்க முடியாது.

புறநகர் என்ற நடுவழி

முழுவதும் விட்டுப் போகாமல் கொஞ்சம் தள்ளிப் போவது இரண்டாவது விடை. 1898இல் எபனேசர் ஹோவர்டு முன்வைத்த ‘தோட்ட நகர’க் கருத்து இதன் மூலங்களில் ஒன்று. நகரத்தின் வேலையும் கிராமத்தின் காற்றும் சேர்ந்த, மனைநிலம் பொதுவுடைமையாக இருக்கும் சிறு நகரங்களை அவர் கனவு கண்டார். லண்டனுக்கு வடக்கே 1903இல் லெட்ச்வொர்த் உருவானது. சென்னையைச் சுற்றிய துணைநகரத் திட்டங்களில் இந்தக் கருத்தின் சாயல் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் உருவான மறைமலை நகர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஹோவர்டின் திட்டத்தில் உயிர்நாடியாக இருந்த ஒன்று, நிலத்தின் விலை உயர்வு ஊருக்கே சேர வேண்டும் என்பது, இங்கே வந்து சேரவில்லை.

மக்கள் தாமாகவே புறநகருக்கு நகர்ந்தார்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்ட மக்கள்தொகை சுமார் 7 விழுக்காடு கூடியது. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் வளர்ந்தன. மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. பெருநகரத் திட்டப் பகுதியோ 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் 5,904ஆக விரிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ‘ஊருக்கு வெளியே’ என்று சொல்லப்பட்ட இடமே இன்று தென்மாவட்டங்களிலிருந்து வருவோருக்குச் சென்னையின் வாசல்.

இந்த நடுவழியின் முதல் குறை, மின்சார ரயில் போகும் இடமெல்லாம் விலையும் பின்னாலேயே போகிறது என்பது. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் நேற்று எட்டிய விலை இன்று எட்டாததால் குடும்பங்கள் செங்கல்பட்டுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப் போகின்றன. இரண்டாவது குறை தண்ணீர். மலிவாகக் கிடைத்த மனைகளில் பல, ஏரிகளின் வடிநிலத்தில் இருந்ததை 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர் போன்ற பகுதிகளில் காட்டியது.

மூன்றாவது குறையைக் காட்டும் சான்று கசப்பானது. சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். வீடு கிடைத்தது, அந்த வீட்டுக்கு வெளியே பழைய வேலை இல்லை. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை செய்த பெண்கள் விடியலில் பேருந்து ஏறி, சம்பளத்தின் கணிசமான பகுதியைப் பயணத்துக்குக் கொடுத்தார்கள். பலர் வேலையையே விட்டார்கள். இது விருப்பத்தால் நடந்த இடப்பெயர்வு இல்லை என்பதால் நடுத்தரக் குடும்பத்தின் முடிவோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வேலையிலிருந்து பிரித்துக் கொடுத்தால் ஒரு வீடு எவ்வளவு மதிப்பிழக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அனுபவம் நம்மிடம் இல்லை.

வேலையை ஊருக்குக் கொண்டுபோனால்?

மூன்றாவது விடை, மக்களை வேலையை நோக்கி அனுப்பாமல் வேலையை ஊருக்கு அனுப்புவது. 1915 வாக்கில் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடஸ், பழைய ஊர்களை இடித்துத் தள்ளாமல் பழுதுபார்த்து வாழவைக்க வேண்டும் என்று வாதிட்டார். சிறு, நடுத்தர நகரங்களுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு 1979-80இல் தொடங்கியது. சார்லஸ் கொரியா தலைமையிலான தேசிய நகரமயமாதல் ஆணையம் 1988இல், பொருளாதார உந்துவிசையாக விளங்கக்கூடிய முந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பட்டியலிட்டு முதலீட்டை அங்கே திருப்பச் சொன்னது. எண்ணம் சரியாக இருந்தது. ஒதுக்கிய பணம் பல ஊர்களில் ஒரு பேருந்து நிலையம், ஒரு வணிக வளாகம் என்பதற்கு மேல் போகவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு.

தமிழ்நாட்டின் நிலை மற்ற மாநிலங்களைவிடச் சாதகமானது. 2011இலேயே மாநில மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். அவர்கள் ஒரே பெருநகரத்தில் குவியாமல் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், மதுரை, திருச்சி எனப் பரவியிருக்கிறார்கள். டைடல் நியோ எனப்படும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் 2024இல் விழுப்புரம் மாவட்டத்திலும் தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் திறக்கப்பட்டன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஒரு மென்பொருள் நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ‘நல்ல ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ்தான் போகணும்’ என்ற பழைய வாதம் ராமநாதபுரத்திலும் அரியலூரிலும் சற்றே தளர்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு பூங்காவோ ஓர் ஆலையோ ஊரை நகரமாக்கிவிடாது. மறைமலை நகரில் பெரிய கார் ஆலை ஒன்று இருந்தது. அதன் அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தபோது, அதை நம்பிக் கடனுக்கு வீடு வாங்கியவர்களின் கவலை என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அங்கே சுற்றிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய தொழிற்பகுதிகள் இருந்தன. தனியாக நிற்கும் ஒரு சிறுநகரத்தில் அந்த மாற்று இருக்காது.

இரண்டாவது எச்சரிக்கை ஆரணியிலிருந்து வருகிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற அந்த ஊரை பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் அவரது குழுவினரும் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஊரின் பொருளாதாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் பதிவில்லாத சிறு குடும்பத் தொழில்கள். தொழிலுக்குள் நுழையும் வழியைச் சாதியும் உறவும் பெருமளவு தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. சிறுநகரத்தில் பணம் புழங்குகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் பட்டதாரிக்கு அந்தப் பணம் சம்பளமாக வந்து சேர்வது எளிதல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

மனை வணிகம் சொல்லும் விடை நான்காவது: எண்களைப் பார், முடிவு தானாகத் தெரியும். எண்களைப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் 75 லட்சம் ரூபாய் அடுக்குமாடி வீடு ஒன்றையும் ஒரு மாவட்டத் தலைநகரில் 35 லட்சம் ரூபாய் தனி வீடு ஒன்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 விழுக்காடுவரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக முதல் வீட்டுக்கு 60 லட்சம் கடன், 15 லட்சம் கைப்பணம். 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். இரண்டாவது வீட்டுக்கு 28 லட்சம் கடன், 7 லட்சம் கைப்பணம், தவணை சுமார் 24,300. வித்தியாசம் மாதம் ஏறத்தாழ 27,700 ரூபாய்.

சிறிய தொகையல்ல. பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் அதில் அடங்கும். அதோடு கையில் கிடைக்கும் பொருளும் வேறு. சென்னையில் 800 சதுர அடி அடுக்குமாடி வீடு வாங்குபவருக்குப் பத்திரத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் 400 சதுர அடி அளவிலான ‘பிரிபடாத பாகம்’. எந்த மூலை தமக்குரியது என்று சுட்டிக்காட்ட முடியாத நிலம் அது. திருநெல்வேலியில் வாங்குபவர் சென்ட் கணக்கில் பேசுகிறார். 3 சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. நான்கு மூலைக் கல்லும் அவருடையது. கிணறு வெட்டலாம், முருங்கை வைக்கலாம், பிள்ளைகளுக்காக மாடி எடுக்கலாம்.

இனி மறுபக்கம். சென்னையில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள், மனைவியின் சம்பளம் 28,000 ரூபாய் என்று கொள்வோம். புதிய ஊரில் அவருக்கு வேலை கிடைக்காவிட்டால் தவணையில் மிச்சமான தொகை முழுவதும் அந்த ஒரு இழப்பில் கரைந்துவிடும். அவருடைய வருங்கால வைப்புநிதி, பதவி உயர்வு, கையில் சொந்தமாகப் பணம் வைத்திருக்கும் நிலை ஆகியவை இந்தக் கழித்தலில் வரவே இல்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கான வாடகைப்படி, இந்த வேறுபாட்டை அரசே ஒப்புக்கொள்வதைக் காட்டுகிறது. சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு. கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் 20. மற்ற ஊர்களில் 10. அடிப்படைச் சம்பளம் 50,000 உள்ளவர் சிறு ஊருக்கு மாற்றல் வாங்கினால் மாதம் 10,000 ரூபாய் குறைகிறது. செலவு இறங்கும்போது வருமானமும் கூடவே இறங்குகிறது.

வருமானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஓய்வூதியர், வெளிநாட்டுப் பணம் வரும் குடும்பம், எங்கும் மாற்றல் கிடைக்கும் வங்கி ஊழியர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்போர் ஆகியோர் அந்த வகையினர். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது இந்தக் கடைசி வகை திடீரெனப் பெருகியது. பின்னர் பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாளாவது அலுவலகம் வரச் சொல்லத் தொடங்கின. வீட்டிலிருந்து வேலை என்பது உரிமையாக எழுதித் தரப்படாதவரை, அதை நம்பி 20 ஆண்டுக் கடன் வாங்குவது துணிச்சலான முடிவாகவே இருக்கும்.

பத்திரத்தைப் படித்தல்

சிறுநகரத்தின் மலிவைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபடுவது ஆவணம். பைபாஸ் சாலையோரம், நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில், வண்ணம் பூசிய எல்லைக்கல்லும் கொடிகளும் நட்டு, ஏதோ ஒரு ‘நகர்’ என்று வளைவு வைத்திருப்பார்கள். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு, அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. பார்க்கப் போனவர் அங்கே நிலத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது காகிதங்களை.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதுவரை இந்த மனைகள் எவ்வளவு சாதாரணமாகக் கைமாறின என்பதும் அப்போதுதான் வெளியில் தெரிந்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதே ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவு பெற்றிருக்க வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இல்லாவிட்டால் வங்கிக் கடனும் கிடைக்காது.

அதற்குப் பிறகும் சிக்கல் தீர்வதில்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும், பதிவாகாத வாய்மொழிப் பாகப்பிரிவினை அதில் வராது. கூட்டுப் பட்டாவில் கையெழுத்துப் போடாத ஒரு பங்காளி பத்தாண்டு கழித்து வந்து நிற்கலாம். ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தச் சங்கதி டீக்கடையிலேயே தெரிந்துவிடும். வெளியூர்க்காரர் வக்கீலுக்குப் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என விலையில் 9 விழுக்காட்டைக் கட்டிவிட்டு வாங்கும் மனையில் இந்தச் செலவை மிச்சம் பிடிப்பது ஆபத்து.

வாடகையே போதும் என்போர்

ஐந்தாவது தரப்பு கேள்வியையே மாற்றுகிறது: சொந்த வீடு எதற்கு? மேற்சொன்ன 75 லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெருநகரங்களில் ஒரு வீட்டின் ஆண்டு வாடகை அதன் விலையில் பெரும்பாலும் 2 முதல் 4 விழுக்காடு. 3 விழுக்காடு என்றால் மாதம் 18,750 ரூபாய். தவணையோ 52,000. வித்தியாசத்தை ஒழுங்காகச் சேமித்தால், பட்டணத்தையும் விட வேண்டாம், கடனும் வேண்டாம் என்பது இவர்கள் வாதம். வாடகை வீடுகளைப் புறக்கணித்த கொள்கையை 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையும் சுட்டிக்காட்டியது.

எண்ணளவில் மறுக்கக் கடினமான வாதம். வாழ்க்கையளவில் அது பலவீனமானது. சேமிக்கிறேன் என்று தொடங்கிய வித்தியாசம், கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் கரைவதை நம் வீடுகள் அறியும். சென்னையில் பத்து மாத முன்பணம் என்ற வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதை மூன்று மாதமாகக் குறைத்தாலும், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் வேறு தொகை வைத்துக்கொள்ளவும் இடம் விட்டது. தேவைப்படுகிறவர் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார். ‘சைவமா?’, ‘எந்த ஆளுங்க?’ என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்த குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது முதலீட்டுக் கணக்கில் அடங்காதது. அது யாரும் எழுப்பிவிட முடியாத ஓர் இருக்கை. வேலையை விட்ட பிறகும் வாடகை தொடரும் என்ற அச்சமும் நியாயமானதே. அமைப்புசாராத் தொழில்களில் இருப்போர் பலருக்குப் போதுமான ஓய்வூதியமும் இல்லை.

போகிறவரும் ஏற்கெனவே இருப்பவரும்

மேற்சொன்ன விடைகள் எல்லாம் குடும்பத்தை ஓர் ஆளாகப் பாவிக்கின்றன. குடும்பத்துக்குள் இழப்பும் ஆதாயமும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஊர் மாறும்போது பெரும்பாலும் கணவரின் வேலைக்கு ஏற்ப ஊர் தேர்வாகிறது. அல்லது கணவர் சென்னையில் ‘மேன்ஷன்’ அறையில் தங்கி, வெள்ளி இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்புகிறார். வீட்டின் முழுப் பொறுப்பும் தனியாக நிற்கும் மனைவியின் தோளில் விழுகிறது. சிறுநகரத்தில் பிள்ளைகளுக்கு விளையாட இடம் உண்டு. தாத்தா பாட்டி அருகில் இருப்பார்கள். கல்லூரி முடித்த மகளுக்கு வேலை கிடைக்கும்போது அதே குடும்பம் மறுபடி சென்னையில் வாடகைக்கு அறை தேடுவதும் நடக்கிறது.

சாதியையும் இங்கே பேசாமல் விட முடியாது. பெருநகரம் சாதியை ஒழித்துவிடவில்லை. மேலே சொன்ன வாடகைக் கேள்விகளே சாட்சி. ஆயினும் அடுக்குமாடியின் பெயரறியாத அண்டைவீடு தலித் குடும்பம் ஒன்றுக்குக் கொடுக்கும் சிறு விடுதலையைத் தெருவுக்குத் தெரு அடையாளம் உள்ள ஊர் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பட்டணத்தை விடுவதன் விலை சதுர அடியில் அளக்க முடியாதது.

ஏற்கெனவே அந்த ஊரில் இருப்பவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. சென்னைச் சம்பளத்தோடும் சென்னையில் விற்ற பணத்தோடும் வருபவர் கேட்கும் விலைக்கு வாங்குகிறார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் பட்டறைத் தொழிலாளியும் அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. பைபாஸை ஒட்டிய நஞ்சை மனையாகும்போது நிலம் விற்றவருக்குப் பணம் வருகிறது. அந்த நிலத்தில் நடவுக்குப் போனவருக்கு ஒன்றும் வருவதில்லை. சென்னையின் விலைச் சிக்கல் தீர்வதற்குப் பதிலாக, சிறு அளவில் இன்னோர் ஊருக்கு ஏற்றுமதியாகிறது என்ற விமர்சனத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இத்தனை விடைகளையும் சேர்த்துப் பார்க்கையில் சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியோடு வரலாம். வருமானம் இடத்தோடு கட்டுண்டிராதவர்களுக்கும், சொந்தமும் சுற்றமும் உள்ள ஊருக்குத் திரும்புவோருக்கும் இந்த மாற்றம் பெரும்பாலும் நன்மையே தரும். இரண்டு சம்பளத்தை நம்பியிருக்கும் இளம் குடும்பத்துக்கு, இரண்டாவது சம்பளம் உறுதியாகாதவரை நட்டத்தில் முடியும் வாய்ப்பு அதிகம். வேலை வாய்ப்புகள் பலவாக இருக்கும் கோவை, திருச்சி, மதுரை போன்ற நகரங்களும் ஒரே ஆலையையோ ஒரே பூங்காவையோ நம்பும் ஊர்களும் ஒன்றல்ல. ‘சிறுநகரம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது ஆய்வையே திசைதிருப்பும்.

திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. எத்தனை குடும்பங்கள் வீட்டுவிலைக்காக மட்டும் சென்னையை விடுகின்றன? இடம்பெயர்ந்தோரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கும், 10 விழுக்காட்டினர் நகரத்திலிருந்து கிராமத்துக்கும் போனவர்கள் என்று 2020-21இல் நடந்த தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டியது. ஆனால் அது கொரோனாக் காலத்து அளவீடு, அதுவும் நாடு முழுவதற்குமானது. போனவர்களில் எத்தனை பேர் பத்தாண்டு கழித்தும் அங்கே இருக்கிறார்கள், எத்தனை பெண்கள் மறுபடி வேலைக்குப் போனார்கள், உள்ளூர் விலை எவ்வளவு ஏறியது என்பவற்றை ஊர்வாரியாகப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் தேவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு திட்டமிடப்பட்டுள்ளது. அதுவரை நாம் பேசுவது பதினைந்தாண்டுப் பழைய எண்களை வைத்துத்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம். சென்னையின் ஆசிரியரும் செவிலியரும் மெக்கானிக்கும் அந்த நகரத்திலேயே வாடகைக்காவது கண்ணியமாக வாழ வழிசெய்வது அரசின் கடமை. ‘மலிவாக வேண்டுமென்றால் ஊருக்குப் போங்கள்’ என்பது அந்தக் கடமைக்கு ஈடாகாது. மாவட்டங்களில் வேலை பெருகுவது வேறு கடமை; ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

வேன் ஏறி மனை பார்க்கப் புறப்படும் குடும்பத்துக்கும் ஒரு சொல். ‘சென்ட் என்ன விலை?’ என்று கேட்பதற்கு முன், அந்த ஊரில் நம் வீட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று கேளுங்கள். முதலில் மனைவியிடம் கேளுங்கள்.